எழுதி வைத்த திட்டத்தை யார் படிக்கிறார்கள்?

பீட்டில்ஸ் குழுவின் ‘வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்’ பாட்டைக் கேட்டதும் கல்லூரி மாணவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்ததாக 2011இல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. எழுதிய சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் எந்த எண்ணையும் இட்டுக்கட்டவில்லை. பி-மதிப்பும் 0.04; புள்ளியியல் முக்கியத்துவத்துக்கு உளவியலில் ஏற்கப்படும் 0.05 எல்லைக்குள்தான்.

வேண்டுமென்றே செய்து காட்டிய ஆய்வு அது. வேறொரு பாட்டைக் கேட்ட ஒரு குழுவை அறிக்கையிலிருந்து நீக்கினார்கள். கேட்ட பல கேள்விகளில் தந்தையின் வயதை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். எத்தனை பேர் போதும் என்று முதலில் முடிவு செய்யாமல், ஏறக்குறைய பத்துப் பேர் சேரும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இவை ஒவ்வொன்றும் அன்று நேர்மையான ஆய்வுக்கூடங்களிலும் சாதாரணமாக நடந்துவந்தவை. அதுதான் என்னை உலுக்குகிறது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் இருந்த புள்ளியியல் முக்கியத்துவம் மறு ஆய்வுகளில் 36 சதவீதத்தில்தான் கிடைத்தது.

இதற்கு மருந்தாகப் பரவியதுதான் முன்பதிவு. கருதுகோள், மாதிரி அளவு, பகுப்பாய்வு முறை எல்லாவற்றையும் தரவு கைக்கு வருமுன் தேதியிட்டுப் பொதுத்தளத்தில் பதிந்துவிட வேண்டும். பாட்டு ஆய்வின் திட்டம் அப்படிப் பதிவாகியிருந்தால், விடுபட்ட குழுவை யாரும் கண்டுபிடித்திருக்கலாம்.

ஆனால் யாராவது பதிவை எடுத்துப் படித்தால்தானே? சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் வந்த, முன்பதிவு செய்யப்பட்ட 27 ஆய்வுகளைப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, திட்டத்திலிருந்து விலகிய இடங்களை முழுமையாகச் சொல்லியிருந்தது ஒரே ஓர் ஆய்வுதான். 2023இல் முன்பதிவு போன்ற நடைமுறைகளின் பலனைப் பாராட்டி நேச்சர் ஹியூமன் பிஹேவியர் வெளியிட்ட கட்டுரை மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதன் மையக் கூற்றுக்கான பகுப்பாய்வே, சொல்லப்பட்டதற்கு மாறாக, முன்பதிவு செய்யப்படவில்லை.

இன்னொரு குறை ஆழமானது. தனிமையுணர்வை அளக்கச் சரியில்லாத வினாப்பட்டியலை முன்பதிவு செய்தாலும் அது சரியில்லாத வினாப்பட்டியல்தான். திட்டத்தில் இல்லாததைக் கவனிப்பதும் அறிவியலுக்குத் தேவை. பாரிஸில் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் இருந்த உளவியலாளர் பியாஜே, குழந்தைகளின் தவறான பதில்களில் ஓர் ஒழுங்கைக் கண்டுதான் தன் வாழ்நாள் ஆய்வைத் தொடங்கினார். அத்தகைய தேடலாய்வை இரண்டாம் தரமாக நினைக்கும் போக்கு வளர்ந்தால் நமக்குத்தான் இழப்பு. தேடிக் கண்டதைத் தேடிக் கண்டதாகவே சொன்னால் போதும்.

எனக்கு நம்பிக்கை தருவது கார்டெக்ஸ் இதழ் 2013இல் தொடங்கிய முறை. அங்கே தரவு சேகரிக்குமுன்பே மதிப்பீட்டாளர்கள் திட்டத்தைப் படித்துக் குறை சொல்கிறார்கள். திட்டம் தேறினால், முடிவு எதுவானாலும் வெளியிடுவதாக இதழ் கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறது. 2021இல் வந்த ஓர் ஒப்பீட்டின்படி, வழக்கமான உளவியல் கட்டுரைகளில் முதல் கருதுகோள் 96 சதவீதம் மெய்ப்பட்டது. இம்முறையில் வந்தவற்றில் 44 சதவீதமே. கூடுதல் உழைப்பும் மாதக்கணக்கான காத்திருப்பும் உண்டு; மூன்றாண்டு உதவித்தொகையில் ஓடும் முனைவர் பட்ட மாணவருக்கு அது பெரும் சுமை. ஆனாலும் பதிந்த திட்டத்தைப் படிக்க ஒருவர் கட்டாயம் இருக்கிறார். மற்ற இதழ்களும் குறைந்தபட்சம் பதிவையும் கட்டுரையையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் பொறுப்பை ஒரு மதிப்பீட்டாளரிடம் தனியாக ஒப்படைக்க வேண்டும்.