திரையில் திறக்கும் கறுப்புக் கீற்று

மார்பக அறுவைக்குப் பிந்தைய வலியைத் தணிக்கப் போடும் நரம்பு மரப்பு ஊசியைப் பல நேரம் நோயாளி அறிவதேயில்லை. அவர் மயக்கத்தில் இருப்பார். அந்த அழகைக் காணக் கொடுத்துவைத்தவர்கள் அல்ட்ராசவுண்ட் திரைமுன் நிற்பவர்கள்தான்.

'பெக்ஸ்' முறையில் ஊசி மார்புத் தசைகளுக்கு நடுவே போகிறது. சாம்பல் நிற அடுக்குகள், விலா எலும்பின் நிழல், அதற்கும் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் வழுக்கி மினுங்கும் நுரையீரல் உறை. ஒளிக்கோடாய் ஊசி இறங்குகிறது. நாடிக் கருவியின் சீரான ஒலி மட்டும். கஞ்சி போட்ட சேலையின் மடிப்பைப் பிரிப்பதுபோல், ஒட்டிக்கிடந்த தசைகளை மருந்து விலக்க, இடையில் ஒரு கறுப்புக் கீற்று திறக்கிறது. கொஞ்சம் மருந்து, பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று ஒரு பார்வை, மறுபடி கொஞ்சம்.

முதுகெலும்பை ஒட்டிய 'பாராவெர்டிபிரல்' இன்னும் நிதானம் கேட்கும். மருந்து சேரச் சேர நுரையீரல் உறை கீழே அமுங்கும். இடம் சரி என்பதற்கு அதுவே அடையாளம். கைதேர்ந்தவர்களுக்கு இதில்தான் பெருமிதம், நியாயமானதும்கூட.

முதுகுத் தசைக்கடியில் எலும்பு நுனியைத் தொட்டு நிற்கும் 'எரெக்டர் ஸ்பைனே' எளிது, உறையிலிருந்து தள்ளியும் இருக்கிறது. மருந்தின் பரவல்தான் ஆளுக்கு ஆள் மாறும். அக்குளிலும் கத்தி படுமென்றால் பெக்ஸ் பக்கம் சாயலாம், மார்பெலும்பை ஒட்டிய உட்பகுதி அதற்கு எட்டாது என்றாலும்.