தண்ணியில் முடியும் ஊர்கள்

‘டவுனுக்குப் போட்டு வாறன்’ என்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நாள்தோறும் சொல்கிறோம். அந்த டவுன் பழைய ஆங்கிலத்தில் ‘தூன்’. வேலியடைத்த வளவு என்பது அதன் பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான ‘ட்சவுன்’ இன்றும் வேலியைத்தான் குறிக்கிறது. தனிச்சொல்லாக நின்றபோது டவுன் ஆனது, ஊர்ப்பெயரின் வாலில் ஒட்டியபோது ‘டன்’ என்று தேய்ந்தது. பிரைட்டன், பிரெஸ்டன் எல்லாம் அப்படி வந்தவை. இங்கிலாந்தில் ஊருக்கு அடையாளம் வேலி. வன்னியில் அது தண்ணி.

புளியங்குளம், மாங்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம் என்று குளத்தில் முடியும் ஊர்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றைத் தாண்டினால்தான் நயம். வன்னி தன் தண்ணீரை ஒரே சொல்லால் அழைத்து முடித்துவிடவில்லை. நெடுங்கேணியில் கேணி, தண்ணீரூற்றில் ஊற்று, முரசுமோட்டையில் மோட்டை என்ற சிறு நீர்நிலை. கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போதும் ஆழத்தில் தண்ணி தேங்கி நிற்கும் பள்ளம் மடு. விசுவமடு, கல்மடு, இரணைமடு எல்லாம் அந்த வழி வந்தவை. இரணை என்றால் இரட்டை. பூநகரிக் கடலில் பெருந்தீவும் சிறுதீவுமாக இரண்டாய்க் கிடக்கும் இரணைதீவைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

என் மனதுக்கு மிக நெருங்கியவை கட்டும் முறிப்பும். முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்னும்போது பெயரிலேயே ஆள் நிற்கிறார், அவர் கட்டிய அணையும் நிற்கிறது. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியிலுள்ள கரிப்பட்டமுறிப்பும், கிளிநொச்சிப் பக்கத்துப் புதுமுறிப்பும், முல்லைத்தீவின் தண்ணிமுறிப்பும் மறுபக்கத்தைச் சொல்கின்றன. குளக்கட்டு முறிந்த இடம் முறிப்பு.

அந்தச் சொல்லைச் சற்று நின்று பாருங்கள். பானை உடையும், கண்ணாடி உடையும். கை முறியும், மரக்கொப்பு முறியும். உறுதியாய் நின்ற ஒன்றுக்குத்தான் முறிதல் பொருந்தும். அதிலும் ‘முறிவு’ என்று சொல்லியிருந்தால் கட்டு தானாகப் போயிற்று என்றாகிவிடும். ‘முறிப்பு’ என்றால் முறித்தவர் ஒருவர் வேண்டும். தண்ணிமுறிப்பு என்ற பெயர் அவர் யாரென்றும் சொல்லிவிடுகிறது. கட்டு மனிதரின் செயல், முறிப்பு வெள்ளத்தின் செயல். மாரி மழையோடு எத்தனை தலைமுறை மல்லுக்கு நின்றது என்பதை இரண்டு பின்னொட்டுகளில் அடக்கிவைத்திருக்கிறது இந்த மண்.

பிறகு அந்தக் குளம் திருத்திக் கட்டப்பட்டது. பெயரும் தண்ணிமுறிப்புக்குளம் ஆயிற்று. தண்ணி, முறித்தது, மீண்டும் குளம்: ஒரு குளத்தின் வாழ்க்கை முழுவதும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பெயரில் இருக்கிறது. பழையதை அழித்துவிட்டுப் புதுப்பெயர் சூட்டாமல் அதன் மேலேயே ‘குளம்’ வைத்த கைக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

2009 சனவரியில், போரின் கடைசி மாதங்களில், கல்மடுக்குளத்தின் கட்டு தகர்க்கப்பட்டு வெள்ளம் பாய்ந்தது. அந்த இடத்துக்கு முறிப்பு என்ற பெயர் வரவில்லை. அது தண்ணி முறித்த கட்டு அல்ல.

1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் இந்த ஊர்ப்பெயர்களை ஆராயத்தக்கவையாக மதித்தார். அவற்றோடு பிறந்து வளர்ந்த நாங்கள் இன்னும் ஒரு படி கூடுதலாக மதிக்க வேண்டும். குடியேற்றங்களோடு வந்த புரங்களும் நகர்களும் மரியாதையான பெயர்கள்தான். தர்மபுரம், பாரதிபுரம், ஜெயந்திநகர் என்று வாய்நிறையச் சொல்லலாம். ஆனால் அந்த நிலத்தில் தண்ணி எங்கே தேங்கும், எதை உடைத்துக்கொண்டு போகும் என்பதை அவை சொல்வதில்லை. புதிதாக ஒரு குடியிருப்புக்குப் பெயர் வைக்கக் கூடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பலகை எழுதுமுன் அந்தக் காணியை அறிந்த வயோதிபர் ஒருவரைக் கூப்பிட்டு, மாரியில் இங்கே தண்ணி என்ன செய்யும் என்று கேளுங்கள்.