ஜைத்தூன்: இப்னு பதூதாவின் ஏடும் ஃபூஜியான் மண்ணும்

சீன நாட்டைப் பற்றி நம்மவர் கட்டுரை வரையப் புகுந்தால் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கல்வியைத் தேடிச் சீனம்வரை செல்லப் பணிக்கும் வாசகம் முதலில் வரும். அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்று ஹதீஸ்கலை வல்லார் பலர் உரைத்திருப்பதைக் குறிப்போர் அரியர். அடுத்து இப்னு பதூதா வருவார். ஜைத்தூன் துறைமுகத்தில் அவர் கண்ட நூறு பெருங்கப்பல்கள் வரும். உலகின் தலையாய துறைமுகத்தில் முஸ்லிம்கள் கோலோச்சினர் என்ற பெருமிதத்தோடு கட்டுரை நிறைவுறும். அந்த அத்தியாயத்தை முழுமையாக எடுத்து வைத்துக்கொண்டு, அது சொல்வது யாது, சொல்லாது விடுவது யாது, அது பேசும் நிலத்தோடு அது பொருந்துகின்றதா என்று நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. ஒரு நூலைப் போற்றுதல் வேறு, படித்தல் வேறு. ரிஹ்லாவின் ஜைத்தூன் பகுதியை ஈண்டு நாம் படிக்க முனைகின்றோம்.

முதலில் பெயரைக் காண்போம். அரபியில் ஜைத்தூன் என்றால் ஒலிவம். ஆனால் இந்நகரில் ஒலிவ மரமே இல்லை என்றும், சீனத்திலும் இந்தியாவிலும் எங்குமே அது கிடையாது என்றும், இது வெறும் பெயரே என்றும் இப்னு பதூதா எழுதுகின்றார். இங்கே அவர் கூர்மையாகவே பார்த்திருக்கின்றார். நகரின் இன்றைய பெயர் சுவான்சௌ. பத்தாம் நூற்றாண்டில் அதனை ஆண்ட லியூ சோங்சியாவ் என்பவர் மதிலை விரித்துக் கட்டி, அதனைச் சுற்றிலும் ‘சித்தோங்’ மரங்களை நடுவித்தார். அம்மரப் பெயரே அரபு வணிகரின் நாவில் ஜைத்தூன் ஆயிற்று என்பது அறிஞர் கொள்கை. அம்மரம் நமக்கு அந்நியமானதன்று. நம் வேலியோரங்களில் செம்பூப் பூத்து நிற்கும் முள்முருங்கையே அது. சீனப் பெயரின் முதற்சொல்லுக்கும் முள் என்பதே பொருள்.

இனி நிலம். ஃபூஜியான் மாநிலம் சீனத்தின் தென்கிழக்குக் கரையில், தைவான் தீவுக்கு எதிரே கிடக்கின்றது. மேற்கெல்லையில் வூயி மலைத்தொடர் சுவரென நிற்கின்றது. அங்கிருந்து கடல்வரை மலையும் குன்றுமே. மலை எட்டுப் பங்கு, நீர் ஒரு பங்கு, வயல் ஒரு பங்கு என்பது அம்மக்களின் வழக்குமொழி. மின் ஆறு ஃபூசௌ நகரத்தின் வழியாகவும், ஜின்ஜியாங் ஆறு சுவான்சௌவின் அருகிலும், ஜியூலோங் ஆறு தெற்கே சியாமென் விரிகுடாவிலும் கடலை அடைகின்றன. ஒவ்வோர் ஆறும் தன் பள்ளத்தாக்கில் தனித்தே ஓடுகின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மலையைத்தான் ஏறிக் கடக்க வேண்டும். இதனாலேயே பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சுமொழி வளர்ந்தது. மின் மொழிகள் எனத் தொகுத்துச் சொல்லப்பெறும் இவற்றுள், ஒரு வட்டாரத்தார் பேச்சு மற்றொரு வட்டாரத்தாருக்கு விளங்குவதில்லை.

வயல் குறைந்த நாட்டார் கடலை நோக்கித் திரும்பினர். சம்பா நாட்டு நெல் அங்கே முன்னரே வந்து வேர்கொண்டிருந்தது; 1012இல் வறட்சிக்கு அஞ்சிய சீனப் பேரரசர் அவ்விதையை ஃபூஜியானிலிருந்தே பிற மாநிலங்களுக்கு அனுப்புவித்தார். 1087இல் சுவான்சௌவில் கடல்வணிக அலுவலகம் நிறுவப்பெற்றது. முகத்துவாரங்களின் மீது கல்லால் நெடும்பாலங்கள் எழுந்தன. 1059இல் முடிவுற்ற லோயாங் பாலத்தின் அடித்தளக் கற்களை இறுக்கிப் பிணைப்பதற்காகச் சிப்பிகளை வளர்த்தனர். 1151இல் முடிந்த அன்பிங் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. உள்நாட்டு மலைகளில், தேஹுவாவின் உலைகளில் வெண்பீங்கான் வெந்தது. மலைதான் அம்மக்களைக் கடலில் தள்ளியது. கடல்தான் நம்மவரை அங்கே கொண்டு சேர்த்தது.

இந்நிலத்தை மனத்தில் இருத்திக்கொண்டு ரிஹ்லாவைத் திறப்போமாயின் திகைப்பே மிஞ்சும். 1340களின் நடுவில் ஜைத்தூனில் இறங்கிய இப்னு பதூதா, அங்கிருந்து ஆற்றுவழியே படகில் 27 நாள் சென்று சீனுஸ்ஸீன், அஃதாவது குவாங்சௌவை அடைந்ததாகக் கூறுகின்றார். அவ்விரு நகரங்களையும் இணைக்கும் ஆறு எதுவும் இல்லை. இடையில் நிற்பவை மலைகள். பின்னர் வடக்கே ஹாங்சௌவுக்கும் அதனைக் கடந்து கான்பாலிக்குக்கும் சென்றதாகச் சொல்லுமிடத்தும் நீர்வழியே பேசப்படுகின்றது. ஃபூஜியானிலிருந்து வடக்கே செல்வோர் எல்லைமலையை ஏறி இறங்காமல் போக முடியாது. அம்மலை அவர் ஏட்டில் இல்லை. கான்பாலிக்குக்கு அருகில் பிறந்து சீனத்தின் நடுவே ஓடிச் சீனுஸ்ஸீனில் முடியும் ஒரே பேராறு பற்றி அவர் எழுதுவதும் நிலநூலுக்கு ஒவ்வாதது. பீங்கான் ஜைத்தூனிலும் சீனுஸ்ஸீனிலும் மட்டுமே செய்யப்படுகின்றது என்கின்றார். ஜியாங்சி மாநிலத்தின் ஜிங்தேசென் அக்காலத்திலேயே பீங்கானுக்குப் பேர்போனது. பேரரசர் போரில் கொல்லப்பட்டு அடக்கப்பெற்றதைத் தாம் கண்டதாகவும் உரைக்கின்றார். அப்பேரரசர் தோகோன் தெமூர் 1370வரை உயிர்வாழ்ந்தவர்.

இவற்றை வைத்து, அவர் சீனத்துக்கே போகவில்லை என்று முடிவுகட்டியோரும் உளர். அம்முடிவை நாம் ஏற்பதற்கில்லை. ஏனெனில் நிலத்தைப் பற்றித் தடுமாறும் அதே எழுத்து, மனிதரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் உறுதி பெறுகின்றது. ஜைத்தூனின் காழி அர்தபீலைச் சேர்ந்த தாஜுத்தீன். ஷைகுல் இஸ்லாம், இஸ்ஃபஹானின் கமாலுத்தீன் அப்துல்லாஹ். வணிகருள் தப்ரீஸைச் சேர்ந்த ஷரஃபுத்தீன். இந்தியாவில் இப்னு பதூதா கடன் வாங்கியது இவரிடமே, குர்ஆனை மனனம் செய்தவர் என்ற குறிப்பும் உண்டு. கடன் கொடுத்தவரை யார்தாம் மறப்பர்! நகருக்கு வெளியே கானகா அமைத்திருந்தவர் காஸரூனின் புர்ஹானுத்தீன். கடலில் இடர்ப்பட்ட வணிகர் ஷைகு அபூ இஸ்ஹாக் காஸரூனியின் பெயரால் நேர்ந்துகொண்ட காணிக்கைகளை அவரிடம் செலுத்தினர். கள்ளிக்கோட்டையிலும் கொல்லத்திலும் இதே காஸரூனி ஷைகுமார் இருந்ததை ரிஹ்லாவே கூறுகின்றது. நாகூரில் மரைக்காயர் செலுத்தும் நேர்ச்சையை அறிந்த நமக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

இந்தப் புர்ஹானுத்தீனுக்குச் சீனத்திலேயே சான்று கிடைக்கின்றது. சுவான்சௌ பள்ளிவாசல் பழுதுபார்க்கப்பெற்றதைப் பற்றி 1350இல் வூ ஜியான் என்பவர் வரைந்த சீனக் கல்வெட்டில், பள்ளியின் தலைவராகப் ‘பூ-லூ-ஹான்-திங்’ என்ற பெயர் வருகின்றது. இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மொரோக்கோவில் சொல்லச் சொல்ல எழுதப்பெற்ற ஏட்டில் உள்ள பெயர் ஃபூஜியானின் கல்லில் இருக்குமாயின், சொன்னவர் அங்கே இருந்தவரேயாவார். வடக்குப் பயணத்துக்கு இத்தகைய சான்று இல்லை. ஜைத்தூனை அவர் கண்டார், கான்பாலிக்கைக் காணவில்லை என்பதே நம் துணிபு.

கப்பல்களைப் பற்றிய அவர் கூற்றிலும் இதே கலப்பு உண்டு. பெருங்கப்பல் ஒன்றில் ஆயிரம் பேர், அவருள் 600 மாலுமிகள், 400 வீரர்கள் என்பது அவர் கணக்கு. 1974இல் சுவான்சௌவுக்கு அருகே ஹௌசூ என்னுமிடத்தில், சுங் அரசின் இறுதிக்காலத்துக் கப்பலொன்று சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பெற்றது. எஞ்சிய உடல் 24 மீட்டர் நீளம். உள்ளே 13 அறைகள். நறுமணக் கட்டைகள் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். மிளகும் குங்கிலியமும் கூட. ஆயிரம் பேர் ஏறும் கலமன்று அது. ஒரு கப்பலைக்கொண்டு எல்லாக் கப்பல்களையும் அளக்கலாகாது என்பது உண்மையே. எனினும் அடுக்கடுக்கான பலகைகளை இரும்பாணியால் பிணைத்த அதன் கட்டுமானம் இப்னு பதூதாவின் வருணனையோடு ஒத்துப்போகின்றது. எண்ணில் மிகைபடக் கூறுவார், வகையில் பிழைபடக் கூறார்.

நூலின் பெருங்குறையாக நாம் கருதுவது இந்த மிகைகளை அன்று. ஜைத்தூன் அத்தியாயத்தில் பெயர் பெற்ற சீனர் ஒருவர்கூட இல்லை! காழி உண்டு, ஷைகு உண்டு, கடன்காரர் உண்டு. அண்டை வீட்டார் இல்லை. அதற்குக் காரணத்தையும் அவரே மறைக்காமல் சொல்லிவிடுகின்றார். அந்நாட்டின் சிறப்புகள் தம் மனத்துக்கு இசையவில்லை என்றும், வெளியே சென்றால் வெறுக்கத்தக்கவற்றைக் கண்டு மனம் நொந்ததால் தேவையின்றி வீட்டை விட்டு வெளிவரவில்லை என்றும், முஸ்லிம்களைக் கண்டால் உற்றாரைக் கண்டாற்போல் மகிழ்ந்ததாகவும் எழுதுகின்றார். வீட்டினுள் அமர்ந்தவருக்கு மலை எங்ஙனம் தெரியும்?

இதே மனிதர் சின்னாள் முன்பு மஃபரில், நம் மதுரையில், எங்ஙனம் எழுதினார் என்பதை ஒப்பிட வேண்டும். அங்கே சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு உறவினர். இருவரும் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள். எனினும் சிறைப்பட்ட பெண்டிரையும் குழந்தைகளையும் அச்சுல்தான் கொல்வித்ததை, இத்தகைய கொடுமையைத் தாம் வேறெந்த அரசரிடத்தும் கண்டதில்லை என்று இடித்துரைத்துப் பதிவு செய்தார். மதுரையைக் கொள்ளைநோய் அழித்ததையும் எழுதினார். மஃபரில் திறந்திருந்த கண் ஜைத்தூனில் மூடிக்கொண்டது. சுவான்சௌவில் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயில் ஒன்று இருந்தது. கானின் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இறைவனை எழுந்தருளுவித்ததைக் கூறும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு 1956இல் கிடைத்தது. அதன் அடியில் சீன வரி ஒன்றும் உண்டு. அக்கோயில் தூண்கள் கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில் இன்றும் நிற்கின்றன. தமிழகத்திலிருந்து சென்ற இப்னு பதூதாவின் ஏட்டில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் விட்டதை நாமும் விடுவோமாயின் அது பொறுக்கத்தக்கதன்று. ஜைத்தூனின் பெருமை பேசுவோர் பூ ஷோகெங்கைத் தவறாமல் பாராட்டுவர். கடல்வணிகத்துக்குத் தலைவராயிருந்த இம்முஸ்லிம், 1276–77இல் நகரத்தை மங்கோலியர் பக்கம் சாய்த்தார். அவ்வேளையில் அங்கே வாழ்ந்த சுங் அரச மரபினரை அவர் கொல்வித்தார் என்ற செய்தியைப் பெருமைக் கட்டுரைகளில் நாம் கண்டதில்லை. இப்னு பதூதா 1355இல் ரிஹ்லாவைச் சொல்லி முடித்தார். ஈராண்டு கழித்து, 1357இல், ஜைத்தூனில் இருந்த முஸ்லிம் படையினர் கலகத்தில் எழுந்தனர். பத்தாண்டளவு நீடித்த அக்கலகம் 1366இல் சென் யௌதிங் படையால் நசுக்கப்பெற்றது. அயல்நாட்டு மரபினர் ஏராளமாகக் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் சிதறி ஓடினர். கபுறுக் கற்கள் பெயர்க்கப்பெற்று மதிலுக்குள் வைத்துக் கட்டப்பெற்றன. மிங் அரசின் கடல்தடையும் ஆற்றின் வண்டலும் துறைமுகத்தின் கதையைப் பிறகு முடித்தன.

20ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பெற்றபோது அக்கற்கள் வெளிப்பட்டன. பள்ளி ஆசிரியரான வூ வென்லியாங் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்து 1957இல் நூலாக்கினார். இஸ்லாமியக் கற்களை மட்டும் தொகுத்த சென் தாஷெங்கின் நூல் 1984இல் வெளிவந்தது. ஷீராஸ், தப்ரீஸ், குவாரஸ்ம், யமன் என ஊர்ப்பெயர்கள் அக்கற்களில் உள. அஸ்ஹாப் பள்ளிவாசலின் கல்வாயிலில் உள்ள அரபு வாசகம், ஹிஜ்ரி 400இல் (1009–10) அது கட்டப்பெற்றதையும், ஹிஜ்ரி 710இல் ஷீராஸ்காரர் ஒருவர் புதுப்பித்ததையும் கூறுகின்றது. தொழுமிடத்தின் கூரை இன்று இல்லை, சுவர்கள் உள. லிங்ஷான் குன்றில் ஸஹாபாக்கள் இருவரின் அடக்கத்தலம் எனப் போற்றப்பெறும் இடம் உள்ளது. அவர்கள் 618–626க்கு இடையில் வந்தனர் என்பது 17ஆம் நூற்றாண்டின் ‘மின்ஷு’ தரும் செய்தி. ஹிஜ்ரத்தே 622இல்தான் நிகழ்ந்தது என்பதை நினைப்போர்க்கு இக்கணக்கு இடறும். அங்குள்ள அரபுக் கல்வெட்டு 1322–23ஐச் சார்ந்தது. 1417இல் கடற்படைத் தலைவர் செங் ஹே அங்கே வந்து வணங்கிச் சென்றதற்குக் கல் உண்டு. உறுதியான இவ்வளவு இருக்க, உறுதியற்றதைப் பற்றிக்கொள்வானேன்?

சிதறியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் அக்கரையில் உளர். சென்தையின் திங் குலத்தார் பன்னூற்றாண்டு சீனரோடு சீனராய்க் கலந்தனர். பன்றி வளர்த்தனர், முன்னோர்க்குப் படையல் இட்டனர். ஆயினும் தம் முன்னோர் முஸ்லிம்கள் என்பதைக் குல வரலாற்றேட்டில் காத்து வந்தனர். 1979இல் அரசு அவர்களை ஹுய் இனத்தவராக ஏற்றது. அவர்களைப் பழிப்பதும் எளிது, உரிமை கொண்டாடுவதும் எளிது. 1366க்குப் பின் அக்கரையில் உயிரோடிருப்பதற்கு என்ன விலை கொடுக்கப்பெற்றது என்பதை அவ்வேட்டைக்கொண்டு அறிவதே செய்யத்தக்கது.

2021 ஜூலையில், ஃபூசௌவிலேயே கூடிய யுனெஸ்கோ அமர்வில், சுவான்சௌவின் 22 இடங்கள் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன. பள்ளிவாசலும் லிங்ஷான் அடக்கத்தலமும் அவற்றுள் அடங்கும். இனி இவ்வத்தியாயத்தைத் தமிழில் அச்சிடுவோர், எதிர்ப்பக்கத்தில் ஃபூஜியானின் படமொன்றை, மலைகளும் ஆறுகளும் தெளிவாகத் தெரியும்படி, சேர்த்தல் வேண்டும். புர்ஹானுத்தீன் வருமிடத்தில் 1350ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் குறிக்க வேண்டும். 27 நாள் ஆற்றுப்பயணம் வருமிடத்தில், அங்கே ஆறில்லை என்று அடிக்குறிப்பில் எழுதத் தயங்கலாகாது. 1357க்கும் 1366க்கும் தனிப்பக்கம் ஒன்று ஒதுக்கினால் நன்று.