ஒரு சதவீதமும் ஆடிக்காற்றும்

ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹாபிட்ஸ்' (2018) நூலைப் படிக்காதவர்களுக்கும் அதன் முதல் கதை தெரிந்திருக்கும். ஒன்றுக்கும் ஆகாமல் கிடந்த பிரிட்டிஷ் சைக்கிள் அணிக்கு 2003-இல் டேவ் பிரைல்ஸ்ஃபோர்ட் வருகிறார். சீட், டயர், தலையணை என்று எல்லாவற்றையும் ஒரு சதவீதம் மேம்படுத்துகிறார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் குவிகிறது. கச்சிதமான கதை. அந்தக் கச்சிதம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

முதலில் கணக்கு. 1908-க்குப் பிறகு பிரிட்டனுக்கு சைக்கிளில் ஒரே ஒரு ஒலிம்பிக் தங்கம்தான் கிடைத்திருந்தது என்கிறார் கிளியர். 1992 பார்சிலோனாவில் கிறிஸ் போர்ட்மன், 2000 சிட்னியில் ஜேசன் குவேலி. அதுவே இரண்டாச்சு. மான்செஸ்டரில் உள்ளரங்க ஓடுதளம் 1994-லேயே திறந்தாச்சு. 1997 முதல் தேசிய லாட்டரிப் பணமும் வந்துகொண்டிருந்தது. கதையில் தலையணைக்கு இடமிருக்கிறது, லாட்டரிக்கு இல்லை.

போர்ட்மனையே எடுத்துக்கொள்வோம். 1996-இல் கைகளை முன்னால் நீட்டிப் பறப்பதுபோல் குனிந்து, ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. ஓட்டினார். பிறகு சர்வதேச சைக்கிள் சங்கம், 1972-இல் எடி மெர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற சாதாரண வண்டியில்தான் ஓட்டணும் என்று விதி போட்டது. 2000-இல் அதே மான்செஸ்டரில் போர்ட்மன் எட்டியது 49.441 கி.மீ. மெர்க்ஸின் கணக்கு 49.431. வித்தியாசம் பத்தே மீட்டர்!

இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. மெர்க்ஸ் ஓட்டியது மெக்சிகோ நகரின் உயரத்தில், மெல்லிய காற்றில். ஆனால் ஒரே ஆள், ஒரே ஓடுதளம், கிட்டத்தட்ட ஏழு கி.மீ. குறைவு. நாலு வயது கூடியதால் மட்டும் இவ்வளவு குறையாது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதுசில்லை. ஆடி மாதம் தோவாளையிலிருந்து முப்பந்தல் பக்கம் மிதித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். ஸ்ட்ராவாவில் சொந்த சாதனை விழும். திரும்பி வரும்போதும் அதே கால்கள், அதே பயிற்சிதான். நேரம் மட்டும் வேறு.

பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. மிதிக்காமல் யாரும் வேகமாகிவிட முடியாது. ஆனால் மென்பொருளில் பத்து மாற்றங்களை ஒரே நாளில் வெளியிட்டுவிட்டு, எதனால் வேகம் கூடியது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஜெயித்த அணி பதில் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஓடுதளமும் பணமும் இல்லாத ஊரில் தோற்கிற பையனிடம், உன் பழக்கம்தான் சரியில்லை என்று சொல்ல இந்தக் கதை ரொம்ப வசதி. அவனிடம் முதலில் கேட்க வேண்டியது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதைத்தான்.