உண்டா, இல்லையா? பளிச்சென்று சொல்லும் ஸ்பைடர்மங்கி!

சி++ புரோகிராமுக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டை உட்காரவைத்து வேலை வாங்குபவரா நீங்கள்? அப்படியானால் ஜேஎஸ் ஹேஸ்பிராப்பர்ட்டியைக் கொண்டாடாமல் இருக்க முடியாது! ஃபயர்பாக்ஸுக்குள் ஓடும் ஸ்பைடர்மங்கி எஞ்சினின் ஏபிஐயில் எனக்கு உயிரான ஃபங்ஷன் இதுதான். 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் தொடங்கிவைத்த எஞ்சின் அது.

ஒரு ஆப்ஜெக்ட்டில் 'டைம்அவுட்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதிப்பை எடுத்துப் பார்த்து, அன்டிஃபைன்ட் வந்தால் இல்லை என்று முடிவுகட்டுவது பலரின் வழக்கம். ஸ்கிரிப்ட் எழுதியவர் வேண்டுமென்றே அன்டிஃபைன்ட் என்று வைத்திருந்தால்? கெட்டர் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து ஓடும். சாதாரண ஆப்ஜெக்ட்டில் ஹேஸ்பிராப்பர்ட்டி மதிப்பைத் தொடவே தொடாது. கேட்டதற்கு மட்டும் பதில்!

அந்தப் பதில் வரும் விதம் இருக்கிறதே, அடடா! ரிட்டர்னாக வருவது, சோதனை நல்லபடியாக முடிந்ததா என்பது மட்டும். உண்டா இல்லையா என்பது நாம் கொடுக்கும் 'ஃபவுண்ட்' பூலியனில் தனியாக வந்து விழும். ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துபோவதும் கடையே பூட்டிக் கிடப்பதும் ஒன்றா? எதிரே இருப்பது பிராக்ஸி, அதன் 'ஹேஸ்' டிராப் எரர் வீசுகிறது என்று வையுங்கள். ரிட்டர்ன் ஃபால்ஸ் ஆகிவிடும். ஃபவுண்டை நம்பக் கூடாது என்று உடனே தெரிந்துவிடும்.

கூடப் பிறந்தவையும் லேசுப்பட்டவை அல்ல. வெறும் {} ஆப்ஜெக்ட்டில் 'டூஸ்ட்ரிங்' உண்டா என்று கேளுங்கள். புரோட்டோடைப் வரை ஏறிப் பார்க்கும் ஹேஸ்பிராப்பர்ட்டி 'உண்டு' என்னும். சொந்தச் சொத்தை மட்டும் பார்க்கும் ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி 'இல்லை' என்னும். இரண்டுமே சரி! சில பிராப்பர்ட்டிகள் கேட்ட பிறகுதான், ரிசால்வ் ஹுக் வழியாக உருவாகும். அப்படி எதையும் உருவாக்காமல், இந்த நொடி என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்க்க ஆல்ரெடிஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது!

ஒரே ஒரு வேண்டுகோள்: ரிட்டர்னைப் பார்த்துவிட்டு ஃபவுண்டைப் பாருங்கள். அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.