தினைப்புனத்தில் கொக்கு

தினைப்புனத்தில் கொக்குக்கு என்ன வேலை? கிளி வரும், கதிரைக் கொய்யும். மைனா வரும், சிட்டு வரும். கொக்கோ நீர்நிலையை நாடும் பறவை; மீனுக்காக ஒற்றைக்காலில் நிற்கும் பறவை. ஆயினும் ஒரு காலத்தில், ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் ஆலோலக் காட்சியில் பறந்தது கிளியன்று, கொக்கு! அதிலும் வெள்ளைக் கொக்கு! கொட்டகை ஆர்ப்பரித்தது. பாடியவரைத் தேடிக் காவலர் வந்தனர். ஒரு பறவையின் பெயர் மாறியதற்கா இத்தனை ஆரவாரம்?

1867இல் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியிலே பிறந்தவர் சங்கரதாசு சுவாமிகள். வள்ளி திருமணத்தை மேடைக்கு ஏற்ற நாடகமாக ஆக்கித் தந்தவர் அவர். அவர் எழுதியதை எழுதியபடியே பாடவேண்டும், ஒரு சொல்லை மாற்றினாலும் அது இடைச்செருகல் என்பர் சிலர். ஏட்டுக்கு அது பொருந்தலாம், மேடைக்குப் பொருந்துமா? ‘ஸ்பெஷல்’ நாடகம் என்று நம் மக்கள் அழைக்கும் அரங்கின் இயல்பே வேறு. இராசபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். பெண்வேடக்காரர் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. கதை தெரியும், மெட்டுத் தெரியும். மற்றவை அன்றிரவு மேடையில் பிறக்கும். அத்தகைய அரங்கிலே ஆலோலம் ஓர் ஒழிந்த இடம். பறவையை விரட்டவேண்டும் என்பதே கதையின் கட்டளை. எந்தப் பறவையை என்பது பாடுவோர் உரிமை.

அந்த உரிமையைக் கையில் எடுத்தவர் விசுவநாததாசு. சிவகாசிக்காரர், 1886இல், சாதி ஆணவம் கீழே தள்ளிவைத்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர். நாடகப் பாட்டுக்காகவே மீண்டும் மீண்டும் சிறை புகுந்தவர். கொக்குப் பாட்டை ஆக்கியவரோ மதுரகவி பாசுகரதாசு. விளாத்திகுளத்தை அடுத்த நாகலாபுரத்தோடு வாழ்வு பிணைந்தவர். 1876ஆம் ஆண்டுச் சட்டம் நாடகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. ஆனால் கொக்கை எப்படித் தடை செய்வது? “பறவையைப் பாடினேன்” என்றால், மறுப்பவர்தாம் அந்தப் பறவை யாரென்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்!

“கொக்கு தினை தின்னுமா, ஐயா?” என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். தின்னாது. பாட்டின் உயிரே அங்குதான் இருக்கிறது. புனத்துக்கு உரிமையில்லாத பறவை புனத்தில் நிற்கிறது. அதனாலேயே அது பறவையன்று என்பது கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் கரையில் இதற்கு உரை எழுதத் தேவையில்லை. முத்துக்குளிப்பில், மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு; கரையில் நின்ற வெள்ளை அரசுக்கு இரண்டு பங்கு! 1906இல் சுதேசிக் கப்பலையும், 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தத்தையும் கண்ட ஊர் இது. கொக்கு எதைத் தின்கிறது என்று இவ்வூராருக்கு யார் சொல்லித் தரவேண்டும்?

அதே பாசுகரதாசு 1931இல் ‘காளிதாஸ்’ பேசும்படத்துக்கும் பாட்டெழுதினார். அப்படத்தோடு காந்தியாரின் இராட்டையும் திரையில் ஒலித்தது. காளிதாசன் கதைக்கும் இராட்டைக்கும் என்ன உறவு? எதுவும் இல்லை. மக்கள் கைதட்டினர் என்பது உண்மை. கைதட்டல் காலத்தின் சான்று, கலையின் சான்றாகாது. இராட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது. கொக்கோ காட்சிக்குள்ளிருந்தே எழுந்தது. ஒரே புலவரின் இரு பாட்டுகள், எனினும் முன்னதைத்தான் நான் பாட்டென்பேன். சொல்லை மாற்றுவது குற்றமன்று. காட்சியை மறந்து மாற்றுவதே குற்றம்.

1940 திசம்பர் 31 அன்று சென்னை இராயல் அரங்கில், முருகன் வேடத்தோடு மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாசின் உயிர் பிரிந்தது. ஏழாண்டு சென்றபின் கொக்கும் பறந்துபோயிற்று. பிறகு அந்த இடத்தில் வந்து அமர்ந்தவை என்ன? பெரும்பாலும் திரைப்பட மெட்டுகள். தர்க்கக் காட்சியிலோ இரட்டைப் பொருள் பேச்சு. இன்றும் கோயில் கொடைகளில் விடிய விடிய இந்நாடகம் நடக்கிறது. காட்சி இருக்கிறது, மெட்டும் இருக்கிறது. விரட்டவேண்டிய பறவைகளா நாட்டில் இல்லை?

இன்னொன்றும் உண்டு. வள்ளி குறமகள். ஆனால் குறத்தி வயிற்றில் பிறந்தவளை முருகன் மணந்தான் என்று சொல்லக் கந்தபுராணத்துக்கு மனம் வரவில்லை. முற்பிறப்பில் திருமாலின் மகள் என்றது. மான் வயிற்றில் பிறக்கவைத்தது. குறவர்க்கு வளர்க்கும் வேலையை மட்டும் விட்டுவைத்தது. வெள்ளையனை எதிர்த்துக் கிளியைக் கொக்காக்கத் துணிந்த மேடை, இந்தப் பிறப்புக் கதையில் கைவைக்கவில்லை. பாடியவரோ தம் பிறப்புக்காகவே இழிவு சுமந்த கலைஞர்! நான் பார்த்த வள்ளி திருமணங்கள் பல. எதிலும் வள்ளி தன் தாய் ஒரு குறத்தி என்று பாடக் கேட்டதில்லை.