பிள்ளையைப் பொதிந்த துணி

லூக்கா எழுதிய பாலன் பிறப்பை ஒருமுறை மெல்ல, சொல் சொல்லாக வாசித்துப் பாருங்கள். எத்தனை சிக்கனம்! பேறுகால வேதனை பற்றி ஒரு சொல் இல்லை. சூசையப்பர் வாய் திறக்கவில்லை. ஆனால் தாய் பிள்ளையைத் துணியில் பொதிந்தாள் என்பதை மட்டும் அந்த அருமையான கதைசொல்லி விட்டுவிடவில்லை. இடையருக்கு வானதூதர் அடையாளம் சொல்லும்போது அதே துணி மறுபடியும் வருகிறது. வயல்வெளியை நிறைத்த அவ்வளவு ஒளிக்கு நடுவில், மீட்பரை அறிய அவர்களுக்குக் கிடைத்த குறி பிள்ளைத்துணியும் மாட்டுத்தொட்டியும்தான்.

அந்தத் துணியின் அழகை வன்னியில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். 2008 நத்தார், நல்ல மாரிகாலம். கிளிநொச்சி நகரம் வெறிச்சோடிக் கிடக்க, சனம் போருக்குத் தப்பித் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று தறப்பாளுக்குள் ஒதுங்கியிருந்தது. ஒரு கிழமை கழித்து, 2009 ஜனவரி 2இல், நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. அடுத்து வந்த மாதங்களில், மரக்குற்றிகூடக் கிடைக்காத கடற்கரை மணலில், பெண்கள் சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அணை வைத்தார்கள். பெட்டிக்குள் பேணி வைத்த பட்டுச்சேலையும் மண்மூட்டையானது. பிள்ளைக்கு ஏணையானதும் சேலைதான். பிள்ளையைச் சுற்ற ஒரு துணி, பிள்ளைக்கும் எறிகணைக்கும் நடுவில் ஒரு துணி. லூக்கா அந்தச் சின்னஞ்சிறு செய்கையை இரண்டு தரம் எழுதியதன் கனிவு அங்கேதான் எனக்கு முழுதாகத் தெரிகிறது. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தாய் செய்யக்கூடிய முதல் வேலை அது.

வானதூதரின் பேச்சிலும் ஒரு நயம் உண்டு. செக்கரியாவிடம், மரியாளிடம், கனவில் சூசையப்பரிடம், கடைசியாக இடையரிடம், நாலு இடத்திலும் நற்செய்திக்கு முன்னால் வருவது பயப்பட வேண்டாம் என்ற ஆறுதல். பயந்திருப்பவர்களைத் தேடித்தான் அந்தச் செய்தி வருகிறது.

மடு மாதாவின் கையிலும் பாலன் இருக்கிறார். ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்த குடும்பங்கள் தூக்கி வந்த சுருபம் அது. 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது குருமார் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் அது மடு திரும்பியது. பிள்ளையோடு இடம்பெயர்ந்த தாய் என்று வன்னிச் சனம் அவளை நெருக்கமாய் உணர்வதில் என்ன வியப்பு?

அதற்கு முன்பு வந்த 2004 டிசம்பர் 26ஐயும் முல்லைத்தீவு மறக்காது. நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, திருக்குடும்ப விழா. திருச்சபை அன்றைக்கென்று குறித்திருந்த நற்செய்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் கதை. அந்தக் காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

அந்த நற்செய்திப் பகுதியின் முடிவை மத்தேயு எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஏரோது இறந்துவிட்டான், திரும்பிப் போகலாம் என்று தூதர் சொல்லிவிட்டார். சூசையப்பரும் புறப்பட்டுவிட்டார். ஆனால் யூதேயாவில் ஏரோதின் மகன் ஆள்கிறான் என்று கேட்டதும் அவருக்குப் பயம். திரும்பும் வழியிலும் விட்டுப்போகாத அந்தப் பயத்தை மத்தேயு மறைக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் இல்லை. 2009 நத்தாரைச் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கண்டவர்களுக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கனவு வேறு வழி காட்டுகிறது. அவர் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கலிலேயாவுக்குப் போய், நாசரேத்தில் குடியேறுகிறார். அந்த ஊரில்தான் பிள்ளை வளர்ந்தது, தச்சுவேலை பழகியது.